வாய் திறவாத குழந்தை

குழந்தைக்குச் சோறூட்டுவதைப் பற்றிக் குருவானவர் ஒருவர் எழுதப் புகுந்தால், படிக்கும் தாய்மார்கள் நகைப்பார்கள் என்பதை நான் அறியாதவனல்லன். நகைக்கட்டும். ஐம்பது வயதைக் கடந்தபின் எனக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று. அக்குழந்தைக்கு நான் இழைத்த தவற்றையும் மறைக்காமல் எழுதிவிடுவது என்று துணிந்தேன்.

எங்கள் பங்கு குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், விளவங்கோடு வட்டத்தில் உள்ளது. ஆண்களிற் பலர் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். கட்டட வேலைக்குக் கேரளத்திற்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றவர்களும் உண்டு. பெண்களோ முந்திரி ஆலைக்குச் செல்வார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்ததும் ஞாயிறு திருப்பலி முடிந்தபின் கோவிலுக்குக் கொண்டுவந்து, பங்குச் சாமியாரின் கையால் முதற்சோறு ஊட்டச் சொல்வது இங்குள்ள சில குடும்பங்களின் வழக்கம். நான் பிறந்த ஊரில் இவ்வழக்கம் இல்லை. ஆயினும் இங்கு வந்த நாள்முதல் இதை மகிழ்ச்சியோடு செய்து வருகிறேன். ஈசாக்கு பால்குடி மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து வைத்ததாகத் தொடக்கநூல் சொல்கிறதன்றோ? குழந்தையின் உணவு ஒரு படி மாறும் நாளை ஊர் கூடிக் கொண்டாடுவது மிகப் பழைய வழக்கம்.

2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு ஞாயிறன்று அப்படித்தான் ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். பாலில் குழைத்த சோற்றில் ஒரு பருக்கையளவு எடுத்து அதன் இதழ்களுக்கிடையே வைத்தேன். குழந்தை என்னை உற்று நோக்கியது. பிறகு நாவை நீட்டி, வைத்ததை அப்படியே வெளியே தள்ளியது. சோறு என் வெள்ளை அங்கியில் விழுந்தது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறை குழந்தை அழத் தொடங்கவே, தாய் வாங்கிக்கொண்டாள். “இது சோற்றுக்கு எதிரி, சாமி” என்று பாட்டி வேடிக்கையாகச் சொன்னாள். அந்தப் பெயர் குழந்தையோடு ஒட்டிக்கொண்டது. குழந்தைகளுக்கு நாம் விளையாட்டாகச் சூட்டும் பெயர்கள் எவ்வளவு விரைவில் தீர்ப்புகளாகிவிடுகின்றன!

அன்று நடந்தது மறுப்பே அன்று என்பதைப் பின்னரே அறிந்தேன். பிறந்த குழந்தையின் வாயில் பாலைத் தவிர வேறெது பட்டாலும் நா அதைத் தானாகவே வெளியே தள்ளும். மூச்சுக் குழலுக்குள் எதுவும் சென்றுவிடாமல் காக்க இயற்கை வைத்திருக்கும் காவல் அது. நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் இக்காவல் மெல்லத் தளரும். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நாளில் தளர்வதில்லை. அக்குழந்தைக்கு இன்னும் சில நாட்கள் தேவைப்பட்டன; வேறொன்றுமில்லை.

எங்கள் கோவில் வளாகத்திலேயே அருட்சகோதரிகள் நடத்தும் குழந்தைகள் காப்பகம் ஒன்று உண்டு. காலை எட்டு மணிமுதல் மாலை ஐந்து மணிவரை பதினாறு குழந்தைகள். அவர்களுள் ஒரு வயது நிரம்பாதவர்கள் ஐவர். ஓர் அருட்சகோதரியும் இரண்டு ஆயாக்களும் பார்த்துக்கொள்கிறார்கள். முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. பேறுகால விடுப்பை 26 வாரங்களாக உயர்த்திய சட்டத்திருத்தம் 2017-இல் வந்தது. 26 வாரம் என்பது சரியாக ஆறு மாதம். தாய்ப்பாலோடு வேறு உணவும் தொடங்கவேண்டிய காலம். அதாவது, விடுப்பை முழுமையாகப் பெறும் தாயும் குழந்தை முதற்சோறு உண்ணும் வேளையில் வேலைக்குத் திரும்பிவிடுகிறாள். ஊட்டும் பொறுப்பு வேறொரு கைக்கு மாறுகிறது. அன்றாடக் கூலிக்கு உழைப்பவளுக்கோ அந்த 26 வாரமும் பெரும்பாலும் ஏட்டளவில்தான். நம் குழந்தையின் தாய் நான்காம் மாதமே ஆலைக்குப் போய்விட்டாள். உணவு இடைவேளையில் ஓடோடி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடுவாள்.

இனி என் பங்கு.

2021-இல் நான் இங்குப் பொறுப்பேற்றபோது, காப்பகத்தின் பின்புறம் கோழிகளுக்குக் கொட்டப்பட்டிருந்த கூழைக் கண்டேன். எனக்கு மனம் பொறுக்கவில்லை. என் இளமையில் எங்கள் வீட்டில் ‘மீதி’ என்ற சொல்லுக்கு வேலையே இருந்ததில்லை. ஏழை மக்கள் காணிக்கையாகக் கொண்டுவந்து வைக்கும் அரிசியல்லவா இது என்று எண்ணி, உடனே ஓர் ஏடு போடச் செய்தேன். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கிண்ணம். எத்தனை கரண்டி கொடுக்கப்பட்டது, எத்தனை மீதி என்று நாள்தோறும் குறிக்கவேண்டும். மீதி இருந்தால் காரணம் எழுதவேண்டும். சனிக்கிழமைதோறும் நானே பார்த்துக் கையொப்பமிடுவேன். சில வாரங்களில் ‘மீதி’ப் பத்தியில் வரிசையாகச் சுழியம் விழத் தொடங்கியது. பங்குப் பேரவையில் இதைப் பெருமையோடு எடுத்துச் சொன்னேன். பாராட்டினார்கள்.

2022 சூலையில், தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் முற்பகல், கூரை ஒழுகுகிறது என்று சொன்னதால் முன்னறிவிப்பின்றிக் காப்பகத்துக்குள் நுழைந்தேன். மூத்த ஆயா தரையில் கால் நீட்டி அமர்ந்திருந்தாள். அவள் கால்களுக்கிடையே குழந்தை மல்லாக்கக் கிடத்தப்பட்டிருந்தது. இரு கைகளும் அவள் தொடைகளுக்கடியில் சிறைப்பட்டிருந்தன. இடக்கையால் அவள் குழந்தையின் மூக்கைப் பிடித்திருந்தாள், வலக்கையில் பாலாடை. மூச்சுக்காகக் குழந்தை வாயைத் திறந்த நொடியில் கூழ் உள்ளே சென்றது. இருமல், கமறல், பின் ஒலியே எழாத ஓர் அழுகை. அப்போது அக்குழந்தை என்னைப் பார்த்தது. மே மாதத்தில் என் விரலைப் பார்த்தபோது இருந்த வியப்பு அந்தக் கண்களில் இல்லை, அச்சம் இருந்தது.

சினந்து பேசிவிட்டேன். “இப்படியா செய்வீர்கள்?” என்று நான் கேட்டதும், அறுபது வயதான அந்த அம்மாள் எழுந்து நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்ன மறுமொழி இது: “மீதி என்று எழுதினால் சாமி கேப்பீங்களே?”

அதற்கு மறுமொழி சொல்ல எனக்கு நா எழவில்லை. ஒழுகும் கூரையைப் பார்க்காமலே திரும்பிவிட்டேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1985-இல் நான் சிறு குருமடத்தில் சேர்ந்தபோது நிகழ்ந்த ஒன்று நினைவுக்கு வந்தது. காலையுணவுக்கு உப்புமா. எனக்கு அது தொண்டையில் இறங்காது. வைத்ததை உண்ணாமல் எழக்கூடாது என்பது ஒழுங்கு. மணியடித்து எல்லாரும் வகுப்புக்குச் சென்றபின்னும், ஆறிக் கட்டியாகிப்போன உப்புமாவின் முன் நான் மட்டும் அமர்ந்திருந்தேன். எதிரில் ஒருவர் நின்றிருந்தார். அவரும் நல்லவரே, வீண் செய்யலாகாது என்ற நல்லெண்ணமே அவருடையதும். முடிவில் விழுங்கினேன், வாயிலெடுத்தேன். நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. இன்றும் உப்புமாவின் மணம் வந்தால் என் வயிறு இறுகிக்கொள்கிறது. பெரியவனாகி எத்தனையோ காரியங்களை மறந்த நான் அந்தக் காலைப்பொழுதை மறக்கவில்லை. அப்படியிருக்க, எட்டு மாதக் குழந்தைக்கு என்ன செய்துவிட்டேன்!

மறுநாள், எங்கள் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அரசு மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய அம்மையார் அவர். தாயையும் குழந்தையையும் வரச்செய்தார். எடை பார்த்தார்: 6 கிலோ 400 கிராம். ஏழாம் மாத எடையும் ஏறத்தாழ அதுவே. எட்டு மாதப் பெண் குழந்தைக்கு உலக நலவாழ்வு நிறுவனத்தின் வளர்ச்சி அட்டையில் நடுவளவு 7 கிலோ 900 கிராம். 6 கிலோ 300 கிராமுக்குக் கீழே இறங்கினால் எடைக்குறைவு என்று கணக்கு. கோட்டின்மேல் நின்றுகொண்டிருந்தாள் நம் குழந்தை. குருதியைச் சோதித்ததில் இரும்புச்சத்தும் குறைந்திருந்தது. கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து பெற்ற இரும்புச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும் என்றும், தாய்ப்பாலில் உள்ள இரும்பு எளிதில் செரிப்பதாயினும் அளவில் மிகச் சிறிது என்றும், ஆறாம் மாதத்தில் வேறு உணவு தொடங்கவேண்டும் என்பதன் தலையாய காரணங்களுள் இது ஒன்று என்றும் அவர் விளக்கினார். இரும்பு குறைந்தால் பசியும் மந்தமாகும். பசி மந்தமானால் உண்ணாது. உண்ணாவிட்டால் இரும்பு மேலும் குறையும். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

பிறகு, “காப்பகத்தில் என்ன கொடுக்கிறார்கள்?” என்று கேட்டார். கேழ்வரகுக் கூழ், அரிசிக் கஞ்சி, பருப்புச் சாதம், எல்லாவற்றையும் மிக்சியில் அரைத்துத் தண்ணீர் ஊற்றி, பாலாடையில் புகட்டுகிறோம் என்றேன். “எத்தனை நீர்மம்?” “தண்ணீர்போல.” அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

குழந்தையின் இரைப்பை ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஏறத்தாழ 30 மில்லி கொள்ளுமாம். ஆக, நம் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு 200 மில்லிக்கும் குறைவே. அதைத் தண்ணீரால் நிரப்பினால் சத்துக்கு இடமேது? உணவு கரண்டியைச் சாய்த்தாலும் ஒழுகாத பதத்தில் இருக்கவேண்டும். நம் பாட்டிமார் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்துப் பொடித்து வைத்தார்களே, அதில் பெரிய நுட்பம் இருக்கிறது என்றும் அவர் சொன்னார். முளைவிட்ட தானியத்தில் மாவுப்பொருளை இளக்கும் நொதி ஒன்று உண்டு. கெட்டியாகக் காய்ச்சி இறக்கிய கஞ்சி சூடு தணியும்போது முளைகட்டிய மாவைச் சிறிது கலந்தால், தண்ணீர் சேர்க்காமலே அது இளகிவிடும். குழந்தைக்கு விழுங்க எளிது, சத்தோ குறையாது. 1980-களில் பரோடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். மிகையாக வறுத்தாலும், கலந்தபின் நெடுநேரம் கொதிக்கவைத்தாலும் நொதி அழிந்துவிடும் என்பதை மட்டும் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆனால் அவர் அழுத்திச் சொன்னது பதத்தைப் பற்றியன்று.

“ஃபாதர், மூக்கைப் பிடித்துப் புகட்டினால் கூழ் நுரையீரலுக்குள் போய்விடும். அந்த ஆபத்தைக் கண்ணால் பார்க்கலாம், அதனால் எல்லாரும் அஞ்சுவார்கள். ஆனால் குழந்தை கற்றுக்கொள்ளும் பாடம் கண்ணுக்குத் தெரியாது. கரண்டி வந்தால் துன்பம் வரும் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. இனி நீங்கள் அமிர்தம் கொடுத்தாலும் வாய் திறக்காது” என்றார். பிறகு, அமெரிக்க மருத்துவர் கிளாரா டேவிஸ் என்பவர் 1920-களில் தொடங்கிச் செய்த ஓர் ஆய்வைச் சொன்னார். அதைக் கேட்டு நான் வியந்துபோனேன், வாசகர்களும் வியக்கக்கூடும்.

ஆறு முதல் பதினொரு மாதம் வரையுள்ள, அதுவரை பாலையன்றி வேறு உணவே அறியாத குழந்தைகள். மொத்தம் 15 பேரை அவர் ஆராய்ந்தார். அவர்களிற் சிலரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். இறைச்சி, முட்டை, பால், காய், கனி, தானியம் என 30-க்கும் மேற்பட்ட எளிய உணவுகளின் பட்டியல் ஒன்றை வகுத்தார். அவற்றுட் பலவற்றை வேளைதோறும் தனித்தனிக் கிண்ணங்களில் குழந்தையின் முன் வைப்பார்கள். அருகில் தாதி ஒருத்தி கையில் கரண்டியோடு அமர்ந்திருப்பாள். அவளுக்கு இட்ட கட்டளை: பேசாதே; எதையும் நீட்டாதே; குழந்தை ஒரு கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினால் மட்டும் அதிலிருந்து எடுத்துக் கொடு; வாய் திறந்தால் மட்டும் ஊட்டு; குழந்தை தன் கையால் அள்ளினாலும் குறை சொல்லாதே. தொடக்கத்தில் குழந்தைகள் உணவை மட்டுமன்றி, வெறுங்கரண்டியையும் தட்டின் விளிம்பையும் காகிதத்தையும்கூடக் கடித்துப் பார்த்தனவாம். சிலவற்றைத் துப்பின. சில நாட்களிலேயே தமக்கு வேண்டியது எது என்று தெளிந்துகொண்டன. ஒரு குழந்தை உண்டதுபோல் மற்றொன்று உண்ணவில்லை. ஒரு நாள் உண்டதை மறுநாள் தொடவில்லை. ஆயினும் எல்லாம் நன்றாக வளர்ந்தன. எலும்பு நோயோடு வந்த ஒரு குழந்தை, தட்டில் வைத்திருந்த மீனெண்ணெயைத் தானே விரும்பிக் குடித்து, நோய் தீர்ந்தபின் அதைத் தொடுவதை விட்டுவிட்டதாம்.

இதைக் கேட்டவுடன், ‘பிள்ளை கேட்பதையெல்லாம் கொடுக்கலாம் போலும்’ என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். தட்டில் இனிப்புமில்லை, பொறித்த பண்டமுமில்லை, பொட்டலத்தில் அடைத்ததுமில்லை. வைத்தவை அனைத்தும் நல்லவை. ஆகையால் எதைத் தேர்ந்தாலும் கெடுதியில்லை. இந்த நுட்பத்தை டேவிஸ் அம்மையாரே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். எதை வைப்பது, எப்போது வைப்பது என்பது பெரியவர்களின் பொறுப்பு. எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாவா என்பது குழந்தையின் உரிமை. நானோ என் ஏட்டின் துணைகொண்டு அந்த உரிமையைப் பறித்து என் கையொப்பத்தின்கீழ்க் கொண்டுவந்திருந்தேன்.

மருத்துவர் பேசி முடிக்கும்வரை, குழந்தையின் தாய் இரு கைகளையும் சேலைத்தலைப்பால் மூடியபடியே அமர்ந்திருந்தாள். வீட்டில் கையால் ஊட்டுவதுண்டா என்று கேட்டபோது தலையசைத்தாள், இல்லை என்று. காரணம் கேட்டதும் கைகளை எடுத்துக் காட்டினாள். முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின் கைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் விரல்நுனிகள் கருத்து, தோல் உரிந்து, வெடித்திருக்கும். “இந்தக் கையாலே ஊட்டினா பிள்ளைக்கு விஷம் ஏறும்னு மாமி சொன்னாங்க. அதான் உண்ண மாட்டேங்குது” என்றாள். தாய்ப்பாலை நிறுத்தினால்தான் சோற்றுக்கு வழி பிறக்கும் என்று சொல்லி, மார்பில் வேப்பெண்ணெய் தடவவும் வீட்டில் முடிவாகியிருந்தது. குழந்தை சோறும் உண்ணவில்லை, பாலையும் பறிக்கவிருந்தார்கள்.

மருத்துவர் அவள் கைகளைத் தம் கைகளில் எடுத்துப் பார்த்தார். வேலை முடிந்ததும் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, சோப்பிட்டு இருமுறை கழுவவேண்டும். எண்ணெய் போய்விட்டால் மிஞ்சும் கறை குழந்தைக்குத் தீங்கு செய்யாது. புதுப் புண் இருக்கும் நாளில் கரண்டியால் ஊட்டு என்று விளக்கினார். பாலை நிறுத்தவே கூடாது. இரண்டு வயதுவரை, அதற்கு மேலும், உணவோடு சேர்த்துக் கொடுக்கலாம். பகலில் மட்டும் முதலில் சோறு, பிறகு பால் என்று வைத்துக்கொள் என்றார். மாமியாரையும் மறுநாள் வரவழைத்துப் பேசினார். அந்த மூதாட்டியும் கெட்டவளல்லள். பேத்தியின் நாவில் நாள்தோறும் தேன் தடவி வந்தவள் அவள். ஒரு வயது நிறையுமுன் தேன் கொடுக்கலாகாது, அதிலுள்ள ஒருவகை நுண்ணுயிர் பச்சிளங் குழந்தைக்கு நஞ்சாகலாம் என்று கேட்டதும், தன் நான்கு பிள்ளைகளுக்கும் தடவி வளர்த்ததை எண்ணிக் கலங்கிப்போனாள்.

நான் காப்பகத்துக்குத் திரும்பியதும் முதலில் மூத்த ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது பெரும் சங்கடமாயிற்று. “சாமி அப்படியெல்லாம் சொல்லக்கூடாது” என்று உள்ளே போய்விட்டாள். ஏட்டில் ‘மீதி’ப் பத்தியை அடித்தேன். பாலாடை அலமாரிக்குச் சென்றது. மிக்சியின் வேலை பாதியாகக் குறைந்தது.

இனிமேல்தான் கடினமான பகுதி. ஒரு வாரம்வரை அந்தக் குழந்தையின் முன் கரண்டியையே காட்டக்கூடாது என்பது மருத்துவரின் ஆணை. மற்றக் குழந்தைகள் வட்டமாக அமர்ந்து உண்ணும்போது, இவளையும் முதுகு நிமிர்த்தி ஆயாவின் மடியில் அமர்த்தி, முன்னே ஒரு தட்டில் மசித்த பூசணியும் ஏத்தன்பழமும் வைத்துவிட்டு, யாரும் அவளைப் பார்க்காமல் இருக்கவேண்டும். பார்க்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதைச் செய்து பார்த்தவர்களே அறிவர். பூசணியைத் தரையில் தேய்த்தாள், தலையில் அப்பிக்கொண்டாள், வாயில் வைக்கவில்லை. சொட்டு மருந்தும் தாய்ப்பாலுமே அவளைத் தாங்கின. ஒரு புது உணவை ஏற்கக் குழந்தைக்கு எட்டு அல்லது பத்து முறை, சில வேளை அதற்கு மேலும், அது கண்முன் வரவேண்டியிருக்கும். நாமோ மூன்றாம் முறையே ‘பிடிக்கவில்லை’ என்று எழுதிவிடுகிறோம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் வந்து, ஒன்றும் நிகழாமல் போயிற்று. என் நம்பிக்கை தளர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் நான் அங்கில்லை. சாவுப் பூசைக்குப் போயிருந்தேன். அருட்சகோதரி சொல்லக் கேட்டது. அவளுக்குப் பக்கத்தில் இரண்டு வயதுப் பையன் ஒருவன், புழுங்கிய ஏத்தன்பழத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உண்ண மனமின்றி விளையாடிக் கொண்டிருந்தானாம். இவள் எட்டி அதைப் பிடுங்கி வாயில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். ஓங்கரித்தாள். ஆயா பதறி எழ, சகோதரி கையைப் பிடித்து நிறுத்தினார். ஓங்கரிப்பு வேறு, மூச்சடைப்பு வேறு. பெரியவர்களுக்கு நாவின் அடியில் பட்டால் வரும் ஓங்கரிப்பு, குழந்தைகளுக்கு நாவின் முற்பகுதியிலேயே வந்துவிடும். அதுவும் ஒரு காவலே. ஒலியோடு இருமும் குழந்தையைப் பார்த்திருந்தால் போதும். ஒலியின்றி நிறம் மாறினால்தான் உடனே கவிழ்த்து முதுகில் தட்டவேண்டும். சிறிது நேரத்தில் பழம் மீண்டும் வாய்க்குள் சென்றதாம். பையன் அழுதானாம். அவனுக்கு வேறொரு துண்டு கொடுத்தார்கள்.

பிறகு எல்லாம் சீராக நடந்தது என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. ஐந்து நாள் உண்டாள், காய்ச்சல் வந்தது, பத்து நாள் மீண்டும் வாயை மூடிக்கொண்டாள். கேழ்வரகைத் தொடவேயில்லை. மீனைத்தான் முதலில் விரும்பினாள், முள் நீக்கி மசித்த மீனை. கடற்கரைக்கு இவ்வளவு அருகில் பிறந்துவிட்டு வேறெதை விரும்புவாள்! வாரமொருமுறை ஆட்டு ஈரல் ஒரு சிறு துண்டு, முட்டை, கீரை மசியலில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு. கீரையிலுள்ள இரும்பை உடல் ஏற்க அந்தப் புளிப்பு உதவுமாம். பத்தாம் மாத முடிவில் எடை 7 கிலோ 300 கிராம். அட்டையின் கோடு மேல்நோக்கித் திரும்பியதைக் கண்டபோது, புதுக்கோவில் கட்டி முடித்த ஆயருக்கும் அவ்வளவு மகிழ்ச்சி இருந்திராது.

தாய் உணவு இடைவேளையில் வந்து, குழாயடியில் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதை என் அறையின் சன்னல் வழியாகப் பார்ப்பேன். இருபது நிமிடமே அவளுக்கு உண்டு. கழுவுவதிலேயே ஐந்து நிமிடம் போய்விடும். முதல்நாள் கையை நீட்டியபோது அது நடுங்கிற்று என்று சகோதரி சொன்னார். குழந்தை சோற்றை வாங்கிக்கொண்டு, கருத்த அந்த விரலையும் பற்றிக் கடித்ததாம். பல் இரண்டு முளைத்திருந்தது. “வலிக்குதா?” என்று கேட்டதற்கு, அவள் வலிக்கவில்லை என்றாளாம்.

ஏடு இன்னும் இருக்கிறது. ‘மீதி’ப் பத்தி இருந்த இடத்தில் இப்போது ஆயாக்கள் தமக்குத் தோன்றியதை எழுதுகிறார்கள். மூத்த ஆயாவின் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் உண்டு. ஆனால் சனிக்கிழமைகளில் நான் விரும்பிப் படிப்பது அதைத்தான். ‘மூணு வாய் வாங்கினாள். நாலாவது வேண்டாம் என்று தலையைத் திருப்பினாள். விட்டுட்டேன்.’

அந்தக் குழந்தை காப்பகத்தில் இருந்த காலமெல்லாம் உப்புமா வைத்தால் மட்டும் தட்டை நகர்த்திவிடுவாள். அப்போதெல்லாம் ஆயா என்னைப் பார்ப்பாள். நான் கூரையைப் பார்ப்பேன். கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.